கல்யாணப் படங்களில் முகத்தின் நிறத்தையும் ஷார்ப்னஸையும் எடிட்டிங்கில் சரிசெய்வது எப்படி?

கடலூரிலிருந்து வந்த கேள்வி, சுருக்கமாக: "திருவந்திபுரத்தில் தங்கை கல்யாணம். மறுநாள் பாண்டி ஒயிட் டவுனில் அவுட்டோர். இரண்டையும் நானே ரா (RAW) கோப்பாக எடுத்தேன். மஞ்சள் சுவர் முன்னால் எடுத்ததில் முகம் காமாலை வந்தது போல் இருக்கிறது. ரிசப்ஷன் மேடையில் எடுத்ததில் ஊதா. ஷார்ப்னஸ் ஏற்றினால் தோல் சொரசொரவென்று ஆகிறது, ஏற்றாவிட்டால் மங்கல். லைட்ரூமும் போட்டோஷாப்பும் இருக்கின்றன. அம்மா வேறு 'பொண்ணைக் கொஞ்சம் கலரா காட்டுடா' என்கிறார். எங்கிருந்து ஆரம்பிப்பது?"

ஷார்ப்னஸ் ஸ்லைடரை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அது கடைசி வேலை. இருட்டும் வெளிச்சமும் சந்திக்கும் ஓரங்களில் இருட்டை இன்னும் இருட்டாக்கி, வெளிச்சத்தை இன்னும் வெளிச்சமாக்குவதுதான் ஷார்ப்பனிங். முதலிலேயே அதைச் செய்துவிட்டு, பிறகு எக்ஸ்போஷரும் கான்ட்ராஸ்டும் ஏற்றினால் அந்த ஓரங்கள் மறுபடி தடிக்கும். லைட்ரூமில் எந்த ஸ்லைடரை முதலில் தொட்டாலும் மென்பொருள் உள்ளுக்குள் தன் வரிசைப்படிதான் கணக்குப் போடும், உண்மை. ஆனால் நிறம் தப்பாக இருக்கும் முகத்தைப் பார்த்துக்கொண்டு 'இன்னும் தெளிவு வேண்டும்' என்று ஏற்றிக்கொண்டே போவது நம் கண். மங்கல் என்று நீங்கள் நினைப்பதில் பாதி, இருண்ட முகமும் தப்பான நிறமும்தான். அவை சரியானதும் அந்த மங்கல் தானே விலகும். எனவே வெளிச்சம், ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகத் தெரியும்படி மொத்த நிறத்தையும் சரிசெய்வது), கான்ட்ராஸ்ட், முகத்தில் அங்கங்கே நிறத் திருத்தம், நாய்ஸ் (இருட்டில் எடுத்த படத்தில் வரும் புள்ளிகள்), டச்சப், எல்லாம் முடிந்த பிறகு ஷார்ப்னஸ் என்று போங்கள்.

வெளிச்சத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாப்பிள்ளை வெள்ளை வேட்டி சட்டையில் நின்றால் கேமராவின் மீட்டர் அந்த வெள்ளையைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும். மாநிற முகம் ஒரு படி இருண்டுபோகும். ராவில் எடுத்தது நல்லதாகப் போயிற்று. ஜேபெக்கில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிகள்தான். 14 பிட் ராவில் 16,384. இருண்ட முகத்தைத் தூக்கினாலும் திட்டுத் திட்டாக உடையாமல் வரும். மாஸ்க் (ஒரு பகுதியை மட்டும் பிடித்துத் திருத்துவது) பகுதியில் 'பீப்பிள்' கொடுத்தால் லைட்ரூமே முகத்தோலைத் தனியாகப் பிடித்துக் கொடுக்கும். அதன் எக்ஸ்போஷரை 0.3 முதல் 0.6 ஸ்டாப் வரை ஏற்றுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு), அதற்கு மேல் வேண்டாம். முகம் இன்னும் இருட்டாகத் தெரிந்தால் பின்னணியைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள், முகம் தானே எழும்.

இப்போது ஒயிட் பேலன்ஸ். இங்கேதான் பெரும்பாலானோர் தடுக்கி விழுகிறார்கள், அதற்குக் காரணம் நம் வேட்டி. சொட்டுக்குழாய் கருவியை எடுத்து 'வெள்ளையாக இருக்கிறதே' என்று வேட்டியில் அல்லது சட்டையில் கிளிக் செய்வார்கள். வீட்டில் துவைத்த வேட்டியில் சொட்டு நீலம் இருக்கும். சலவைத் தூள்களில் உள்ள ஒளிரும் பொருள் வேறு, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவை வாங்கி நீலமாகத் திருப்பி அனுப்பும். அதாவது அந்த வேட்டி வெள்ளை மாதிரி தெரிகிற இளநீலம். அதை நடுநிலை என்று மென்பொருளிடம் சொன்னால், நீலத்தை ஒழிக்க அது படம் முழுவதிலும் மஞ்சளைக் கொட்டும். உங்கள் படங்களில் மஞ்சள் சுவர் இல்லாதவற்றிலும் முகம் மஞ்சளடிக்கிறது என்றால் காரணம் இதுவாக இருக்கலாம். பட்டு வேட்டியும் உதவாது, அது சந்தன வெள்ளை. கிளிக் செய்தால் முகம் நீலம் பாயும். கண்ணின் வெண்விழி, பல் இரண்டும் ஆளுக்கு ஆள் மாறும், அவையும் வேண்டாம். அடுத்த முறை சாம்பல் அட்டை (கிரே கார்டு) ஒன்றை வாங்கி, வெளிச்சம் மாறும்போதெல்லாம் மணப்பெண் கையில் கொடுத்து ஒரு ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த முறை அட்டை இல்லை. அப்படியானால் தோலையே அளந்துவிடலாம். லைட்ரூமில் கர்சரைத் தோல்மேல் வைத்தால் ஹிஸ்டோகிராமுக்குக் கீழே சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் சதவீதம் வரும். மனிதத் தோல் எந்த ஊர்க்காரருடையதாக இருந்தாலும் அதன் நிறம் மெலனினும் ரத்தமும் சேர்ந்து வருவது. அதனால் சாதாரண வெளிச்சத்தில் சிவப்பு முதலில், பச்சை அடுத்து, நீலம் கடைசி என்ற வரிசை மாறாது. வெளுப்பும் கறுப்பும் பெரும்பாலும் அளவில்தான் வேறுபடும், நிறத்தின் திசையில் அவ்வளவாக இல்லை. வீடியோ எடிட் செய்பவர்கள் நிறத்தின் திசையைக் காட்டும் வெக்டர்ஸ்கோப்பில் எல்லார் தோலுக்கும் ஒரே கோட்டை வைத்து வேலை செய்வது இதனால்தான்.

எண்ணை வைத்துச் சொல்கிறேன். மாநிறப் பெண்ணின் நெற்றியில், எண்ணெய் மினுக்கு இல்லாத இடத்தில் கர்சரை வைத்தால் 62, 46, 36 என்று வருகிறது என்று வையுங்கள். பச்சை இரண்டுக்கும் நடுவில், சற்றே நீலத்தின் பக்கம் சாய்ந்து நிற்கிறது. இது ஆரோக்கியமான தோல். 62, 51, 28 என்றால் நீலம் பாதாளத்துக்குப் போய், பச்சை சிவப்பை நெருங்கிவிட்டது, மஞ்சள். 62, 42, 44 என்றால் நீலம் பச்சையைத் தாண்டிவிட்டது. இதுதான் அந்த ரோஸ் பவுடர் பூசியது மாதிரியான முகம். மூன்று எண்ணும் ஒன்றையொன்று நெருங்கினால் முகம் சாம்பல் பூத்துத் தெரியும். இந்த எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம், இடைவெளியை மட்டும் கவனியுங்கள். கறுத்த தோலில் மூன்றும் கீழே இறங்கும், வரிசை அப்படியே இருக்கும். கண் அரை மணி நேரத்தில் எந்த நிறத்துக்கும் பழகிப்போய் 'சரியாகத்தான் இருக்கிறது' என்று சொல்லிவிடும். எண் பழகிப்போகாது.

ஆட்டோ பட்டன் இதையெல்லாம் செய்யாதா என்று கேட்பீர்கள். மஞ்சள் சுவர் படத்தில் அது சுவரைப் பார்த்து முடிவெடுக்கும், முகத்தைப் பார்த்து அல்ல. இன்னொரு பழைய கதையும் இருக்கிறது. கோடாக் நிறுவனம் பிரிண்ட் போடும் லேப்களுக்கு 'ஷெர்லி கார்டு' என்று ஒரு மாதிரிப் படம் அனுப்பும். அதில் இருந்தவர் வெள்ளைக்காரப் பெண். அவர் தோல் சரியாக வந்தால் நிறம் சரி என்று கணக்கு. கறுத்த தோல் விவரமில்லாமல் இருண்டு போவதைப் பற்றிப் பல ஆண்டுகள் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. சாக்லேட், மரச்சாமான் நிறுவனங்கள் 'எங்கள் பொருளின் பழுப்பு சரியாக வரவில்லை' என்று புகார் செய்ததும் ஃபிலிம் மேம்பட ஒரு காரணமாயிற்று. இன்றைய மென்பொருள்கள் எவ்வளவோ தேவலை. ஆனாலும் நம் முகத்துக்கு எது சரி என்பதை நாம்தான் உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டும்.

உங்கள் மஞ்சள் சுவர் படங்களுக்கு வருவோம். ரோமன் ரோலண்ட் வீதி, துமாஸ் வீதிப் பக்கம் எடுத்திருப்பீர்கள். அந்தச் சுவர்களின் கடுகு மஞ்சள் வெயில் பட்டதும் தானே ஒரு விளக்காகிவிடும். சுவரை ஒட்டி நிற்பவரின் சுவர்ப் பக்கக் கன்னம், தாடைக்கு அடி, கழுத்து மூன்றிலும் மஞ்சள் ஏறும். தெருப் பக்கக் கன்னத்தில் வானத்து வெளிச்சம் விழுவதால் அது ஒழுங்காக இருக்கும். இரண்டு கன்னத்திலும் கர்சரை வைத்துப் பாருங்கள். ஒன்றில் 64, 48, 38 என்றும் மற்றதில் 56, 46, 24 என்றும் காட்டும். மஞ்சள் கன்னத்தைச் சரிசெய்கிறேன் என்று மொத்தப் படத்தின் டெம்பரேச்சரை (நீலத்துக்கும் மஞ்சளுக்கும் இடையே நகரும் ஸ்லைடர்) நீலத்துக்குத் தள்ளினால் நல்ல கன்னம் செத்துப்போகும், சுவரும் அழுக்கு வெள்ளையாகும். பாண்டியில் எடுத்த படத்தில் பாண்டியே காணாமல் போகும்.

செய்ய வேண்டியது: நல்ல கன்னத்தை வைத்து மொத்தப் படத்தின் ஒயிட் பேலன்ஸை முடியுங்கள். பிறகு பீப்பிள் மாஸ்கில் முகத்தோலும் உடல்தோலும் எடுத்து, 'இன்டர்செக்ட்' கொடுத்து, பிரஷ்ஷால் சுவர்ப் பக்கத்தை மட்டும் வருடுங்கள். மாஸ்க் தோலுக்குள்ளேயே நிற்கும், சேலைக்கும் சுவருக்கும் போகாது. அதில் டெம்பரேச்சரை 10 முதல் 15 வரை நீலத்துக்கு இறக்கி, சாச்சுரேஷனில் (நிறத்தின் அடர்த்தி) 10 குறைத்து, டின்ட்டை (பச்சைக்கும் மெஜந்தாவுக்கும் இடையே நகரும் ஸ்லைடர்) கொஞ்சம் மெஜந்தா பக்கம் தள்ளுங்கள். மஞ்சள் முழுக்கப் போக வேண்டாம், மூன்றில் ஒரு பங்கு இருக்கட்டும். சுவரருகே நிற்பவர் முகத்தில் சுவரின் சாயல் துளியும் இல்லையென்றால், வெட்டி ஒட்டிய படமோ என்று பார்ப்பவருக்குத் தோன்றும். தாடைக்கு அடியில் மட்டும் மறக்காதீர்கள்; கன்னத்தைச் சரிசெய்துவிட்டுக் கழுத்தை அப்படியே விட்ட படங்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

பாரதி பூங்காவில் மரத்தடியில் எடுத்திருந்தால் இலை வழியாக வரும் வெளிச்சம் பச்சை அடிக்கும், டின்ட்டை மெஜந்தாவுக்கு நகர்த்தினால் போதும். பிச்சாவரத்தில் சதுப்புநிலக் காட்டுக்குள் படகில் எடுப்பவர்களுக்கும் இதே தொல்லைதான், அங்கே தண்ணீரும் சேர்ந்து பச்சையைக் கீழிருந்து எறியும். பீச் ரோட்டில் சாயங்காலம் எடுத்தால் வேறு மாதிரி. கடல் கிழக்கே இருப்பதால் நான்கு மணிக்கு மேல் வெயில் கட்டடங்களுக்குப் பின்னால் போய்விடும். மிச்சம் இருப்பது வானத்து வெளிச்சம், மென்மையானது, ஆனால் நீலம். 5,500 கெல்வினில் வைத்த படம் அங்கே குளிர்ந்து தெரியும். 6,500, 7,000 வரை ஏற்றிப் பாருங்கள்.

மேடைப் படங்களைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நிற எல்இடிகளின் ஊதா வெளிச்சத்தில் நீலமும் கொஞ்சம் சிவப்பும்தான் உண்டு, பச்சை கிட்டத்தட்ட இல்லை. பதிவாகாத நிறத்தை எந்த மென்பொருளும் திரும்பக் கொண்டுவராது. வீடியோக்காரரின் லைட் முகத்தில் நேராக விழுந்த படங்கள் பிழைக்கும். அவற்றில் முகத்தை வைத்து ஒயிட் பேலன்ஸ் செய்து, பின்னணி ஊதாவை அப்படியே விட்டு, காதோரமும் கூந்தலிலும் ஒட்டியிருக்கும் ஊதாவின் சாச்சுரேஷனை மட்டும் பிரஷ்ஷால் பாதியாக்குங்கள். முகம் முழுக்க ஊதா மட்டும் விழுந்த படங்களைக் கறுப்பு வெள்ளையாக்குங்கள். மாற்றும்போது எந்தச் சேனலில் முகம் தெளிவாக இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல சிரிப்பு இருக்கும் படத்தை நிறத்துக்காகத் தூக்கிப்போடாமல் காப்பாற்ற அதுதான் வழி.

கோயில் முகூர்த்தப் படங்களில் ஒரு எச்சரிக்கை. மணப்பெண் முகத்தில் மஞ்சள் பூசியிருப்பார்கள், ஹோம நெருப்பின் வெளிச்சமும் சேரும். அங்கே 62, 50, 30 வந்தால் அது பிழை இல்லை. அந்த மஞ்சளைத் துடைத்துவிட்டால் முகூர்த்தப் படம் ரிசப்ஷன் படம் மாதிரி ஆகிவிடும். பூசாத இடம் எது என்று பார்த்து, தோளோ முன்கையோ, அதை அளந்து சரிசெய்யுங்கள்.

அம்மா கேட்டதற்கு வருகிறேன், இதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. பெண்ணை வெளுப்பாக்காதீர்கள். ஒவ்வொரு நிறத்தையும் தனியாக மாற்றும் எச்எஸ்எல் பகுதியில் ஆரஞ்சு லூமினன்ஸை (பிரகாசம்) 30, 40 ஏற்றினால் முகம் வெளுக்கும், எல்லா ஸ்டூடியோவிலும் நடக்கிற வேலைதான் இது. ஆனால் அந்த ஆரஞ்சும் பக்கத்து மஞ்சளும் தோலுக்கு மட்டும் சொந்தமில்லை. தாலிச் சரட்டின் மஞ்சள் வெளிறும், தங்க நகை பித்தளை மாதிரி ஆகும், உள்ளங்கையில் சிவந்த மருதாணி பழுப்புக் கறையாகும், மூக்கின் நிழலும் கன்னத்தின் வளைவும் போய் முகம் தட்டையாகும். ஸ்லைடரைப் பாதி ஏற்றி, பாதி இறக்கி, தாலியையும் கையையும் மட்டும் பாருங்கள். நான் சொல்வது உடனே விளங்கும். அதைவிட முக்கியம், இருபது வருஷம் கழித்து உங்கள் தங்கை மகள் ஆல்பத்தைப் புரட்டும்போது அதில் அவள் அம்மா இருக்க வேண்டும், வேறு யாரோ இருக்கக் கூடாது.

அம்மா 'கலரா' என்று கேட்பது பெரும்பாலும் முகம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்பதுதான். அதை வெளிச்சத்தால் கொடுக்கலாம். முகத்தை அரை ஸ்டாப் தூக்கி, கண்ணுக்கடி நிழலை இலேசாகத் திறந்து, நெற்றியிலும் கன்னமேட்டிலும் மினுக்கைக் கொஞ்சம் விட்டு வையுங்கள். கறுத்த தோலுக்கு அந்த மினுக்குதான் உயிர். அதை முழுக்க மட்டுப்படுத்தினால் முகம் மங்கும், மறுபடி 'கலர் பத்தலை' என்பார்கள். இப்படிச் செய்த படத்தையும் வெளுப்பாக்கிய படத்தையும் பக்கத்தில் வைத்து அம்மாவிடம் காட்டுங்கள், பேர் சொல்லாமல். அவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மேக்கப்பால் முகம் ஒரு நிறம், கழுத்தும் கையும் வேறு நிறம் என்று இருந்தால், கையை வெளுக்க வைக்காமல் முகத்தைக் கழுத்துக்குக் கொண்டுவாருங்கள். தோளெலும்புப் பக்கம் எண்ணை எடுத்து, முகத்தின் சாம்பல் தட்டும் இடங்களில் 'கலர்' பிளெண்டிங் மோடில் ஒரு லேயர் போட்டு, 10, 15 சதவீத ஒபாசிட்டியில் அந்த நிறத்தை வருடினால் போதும். தோலின் அமைப்பு அப்படியே இருக்கும், நிறம் மட்டும் மாறும்.

சிவப்புப் பட்டுச்சேலையும் தனிக் கவனம் கேட்கும். முகம் பார்க்கச் சரியாக இருக்கும்போதே சேலையில் சிவப்புச் சேனல் முட்டிக்கொண்டு நிற்கும். சரிகைக்கும் சேலையின் உடல்பகுதிக்கும் நடுவில் நெசவு தெரியாமல் ஒரே சிவப்புத் திட்டாக இருந்தால் அதுதான். ஷார்ப்னஸ் ஏற்றினால் வராது. சேலைக்கு மட்டும் மாஸ்க் போட்டு, சாச்சுரேஷனையும் ஹைலைட்டையும் இறக்குங்கள், நெசவு மேலே வரும். கான்ட்ராஸ்டையும் ஆர்ஜிபி கர்வில் ஏற்றினால் தோலின் ஆரஞ்சும் கூடவே ஏறும். போட்டோஷாப்பில் அந்த கர்வ் லேயரை 'லூமினாசிட்டி' மோடில் வைத்துவிட்டால் நிறம் அசையாது.

இனி ஷார்ப்னஸ். ஸ்லைடரைத் தொடுமுன் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, படம் ஏன் மங்கல் என்று கண்டுபிடியுங்கள். எல்லா மங்கலும் ஒன்றல்ல. கண்மணியில் தெரியும் வெளிச்சப் புள்ளியைப் பாருங்கள். அது ஒரு சிறு கோடாக இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. உருண்டையாக, ஓரம் கரைந்து பரந்திருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. எங்கே போய் விழுந்தது என்று தேடினால் காதோரத்து ஜிமிக்கியோ பின்னலில் வைத்த மல்லிகையோ ஊசி மாதிரித் தெரியும். முழு ஃபிரேம் கேமராவில் 50 எம்எம் லென்ஸை எஃப் 1.8-ல் வைத்து ஒரு மீட்டர் தூரத்தில் எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் 4 சென்டிமீட்டர் அளவுதான், மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையிலான தூரத்தில் பாதிகூட வராது. புள்ளி தெளிவாக இருந்து கை மட்டும் கலங்கியிருந்தால் ஆள் அசைந்திருக்கிறார், அதை அப்படியே விடலாம். அட்சதை போடும் கை கொஞ்சம் கலங்கினால்தான் படத்துக்கு அசைவு.

நான்காவது வகைதான் நம் ஊரில் அதிகம், யாரும் அதைக் கண்டுகொள்வதும் இல்லை. எல்லாம் ஃபோகஸில் இருக்கும், ஆனால் மேலே ஒரு மெல்லிய பால் படலம். கடற்கரையில் அரை மணி நேரம் நின்றாலே உப்புக்காற்று லென்ஸில் ஒட்டும். ஏசி காரிலிருந்து இறங்கியதும் புழுக்கத்தில் கண்ணாடி வேர்க்கும். கோயிலில் ஹோமப் புகை. இவை மூன்றும் கெடுப்பது கான்ட்ராஸ்டை. இங்கே ஷார்ப்னஸ் ஏற்றினால் படலத்தின் நாய்ஸ்தான் கூர்மையாகும். 'டீஹேஸ்' 10 முதல் 20, கூடவே பிளாக்ஸைக் கொஞ்சம் இறக்குங்கள். டீஹேஸ் தோலை ஆரஞ்சாக்கும், அதனால் முகத்தோல் மாஸ்கில் சாச்சுரேஷனைச் சற்றுக் குறைக்க வேண்டியிருக்கும்.

இப்போது ஸ்லைடர்கள். ரா கோப்பைத் திறந்ததுமே லைட்ரூம் அமவுன்ட் 40, ரேடியஸ் 1.0, டீடெயில் 25, மாஸ்கிங் 0 என்று வைத்திருக்கும். மாஸ்கிங் 0 என்றால் கண்ணிமைக்குக் கிடைக்கும் அதே ஷார்ப்னஸ் கன்னத்தின் ஒவ்வொரு துளைக்கும் கிடைக்கும் என்று பொருள். உங்கள் சொரசொரப்பு பிறக்கும் இடம் இதுதான். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு மாஸ்கிங்கை நகர்த்துங்கள். படம் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். வெள்ளையான இடத்தில் மட்டும் ஷார்ப்னஸ் விழும். கன்னமும் நெற்றியும் கறுத்து, இமை, புருவம், உதட்டோரம், நகை, கூந்தல் மட்டும் வெள்ளைக் கோடுகளாக நிற்கும் வரை ஏற்றுங்கள், முகப் படங்களில் 60 முதல் 80-க்குள் நின்றுவிடும். அதன் பிறகு அமவுன்ட் 50, 60 வரை போனாலும் தோலுக்கு ஆபத்தில்லை. டீடெயிலை 15 பக்கம் வையுங்கள். ரேடியஸை 1.2-க்கு மேல் ஏற்றினால் தாடையோரம் வெள்ளைக் கோடு விழும்.

நாய்ஸ் இருக்கும் இருண்ட படங்களில் முதலில் கலர் நாய்ஸைக் குறைத்துவிட்டுத்தான் இதற்கு வர வேண்டும். இல்லையென்றால் கறுத்த தோலில் சிவப்பும் ஊதாவும் புள்ளியாகத் துளிர்க்கும்.

கண்ணுக்குக் கொஞ்சம் கூடுதலாக வேண்டுமென்றால் போட்டோஷாப்பில் 'ஹை பாஸ்' நல்ல வழி. லேயரைப் பிரதி எடுத்து, ஹை பாஸ் 1.5 அல்லது 2 பிக்சல் கொடுத்து, மோடை 'சாஃப்ட் லைட்' ஆக்கி, கறுப்பு மாஸ்க் போட்டு, கருவிழியின் ஓரத்திலும் இமையிலும் மட்டும் வெள்ளை பிரஷ்ஷால் தொடுங்கள். வெண்விழியைத் தொடாதீர்கள், அதில் இருக்கும் நரம்பெல்லாம் எழுந்து வரும். அன்ஷார்ப் மாஸ்க் பயன்படுத்தினால் அதையும் லூமினாசிட்டி மோடில் வையுங்கள், ஓரங்களில் நிறம் பிதுங்காது. இந்த அன்ஷார்ப் மாஸ்க் கணினிக்கு முந்தியது. இருட்டறையில் நெகட்டிவோடு அதே படத்தின் கலங்கலான பாசிட்டிவ் நகலைச் சேர்த்து வைத்துப் பிரிண்ட் போட்டு ஓரங்களை எழுப்பினார்கள். பேரில் 'அன்ஷார்ப்' வந்தது அந்தக் கலங்கல் நகலால்தான்.

கை சற்றே ஆடிய படத்துக்கு போட்டோஷாப்பின் 'ஸ்மார்ட் ஷார்ப்பன்' உதவும். அதில் 'மோஷன் பிளர்' தேர்ந்தெடுத்து, கண்மணியில் அந்தக் கோடு எந்தச் சாய்வில் இழுபட்டிருக்கிறதோ அதே கோணத்தைக் கொடுங்கள். இரண்டு மூன்று பிக்சல் ஆட்டம் என்றால் தேறும், அதற்கு மேல் தேறாது. ஃபோகஸ் முழுக்கத் தவறிய முகத்துக்கு ஏஐ கருவிகள் இருக்கின்றன என்பார்கள். இருக்கின்றன. அவை கலங்கிய கண்ணைத் திருப்பிக் கொடுப்பதில்லை, லட்சக்கணக்கான முகங்களில் பழகியதை வைத்து ஒரு கண்ணை வரைந்து வைக்கின்றன. பாட்டியின் கண் வேறு யாரோ ஒரு பாட்டியின் கண்ணாகிவிடும். பின்வரிசை விருந்தினருக்கு வேண்டுமானால் பயன்படுத்துங்கள். வீட்டு மனிதர்கள் முகத்தில் வேண்டவே வேண்டாம், கலங்கலாக இருந்தாலும் அது அவர்கள் முகம்.

ஒரு ஆறுதல். 24 மெகாபிக்சல் படம் 6,000-க்கு 4,000 பிக்சல். அதை 6-க்கு 4 அங்குலத்தில் 300 டிபிஐயில் பிரிண்ட் போட்டால் 1,800-க்கு 1,200 போதும். மூன்று பிக்சல் மங்கல் ஒரு பிக்சலாகச் சுருங்கி, கண்ணுக்கே தெரியாது. 100 சதவீதத்தில் பார்த்து மனம் உடைந்த படங்கள் பல ஆல்பத்தின் சின்னக் கட்டத்தில் அழகாக உட்காரும். 12-க்கு 36 அங்குல ஆல்பம் விரிப்பில் முழுப் பக்கத்துக்குப் போகும் படங்களுக்குத்தான் கறாராகத் தேர்வு செய்ய வேண்டும்.

கடைசி ஷார்ப்னஸ், படம் போகும் இடத்தைப் பொறுத்தது. அளவைச் சுருக்கிய பிறகுதான் அதைச் செய்ய வேண்டும். லைட்ரூம் எக்ஸ்போர்ட்டில் ஸ்கிரீனா, மேட்டா, கிளாஸியா என்று கேட்கும். மேட் காகிதம் மையை உறிஞ்சிக் கொஞ்சம் பரப்பும், அதற்கு ஒரு படி கூடுதல் வேண்டும். ஸ்கிரீனுக்குக் குறைவாகவே கொடுங்கள், குறிப்பாக வாட்ஸ்அப்பில் போகப்போகிற படத்துக்கு. அது சுருக்கி அமுக்கும்போது கூரான ஓரங்களைச் சுற்றித்தான் அழுக்கு சேரும். சொந்தக்காரர்களுக்கு 'டாகுமென்ட்' ஆக அனுப்பினால் அமுங்காது.

கோப்பை எஸ்ஆர்ஜிபி (sRGB) என்ற நிற வரம்பில் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அடோபி ஆர்ஜிபியில் கொடுத்து, லேபில் அதைக் கவனிக்காமல் ஓட்டிவிட்டால் எல்லா முகமும் ரத்தமில்லாமல் வரும். எடிட் செய்யும்போது லேப்டாப்பின் நைட் லைட்டை அணைத்து, பிரகாசத்தைப் பாதிக்குச் சற்று மேல் வையுங்கள். முழுப் பிரகாசத்தில் எடிட் செய்த படம் காகிதத்தில் இருண்டு வருவது உறுதி. ஆல்பம் ஆர்டர் கொடுக்குமுன் நான்கு படங்களை மட்டும், மஞ்சள் சுவர் ஒன்று, முகூர்த்தம் ஒன்று, மேடை ஒன்று, கறுத்த முகமும் வெளுத்த முகமும் சேர்ந்து நிற்கும் குடும்பப் படம் ஒன்று, அதே லேபில் அதே காகிதத்தில் போடச் சொல்லிப் பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். அதில் முகம் ஒரு படி இருண்டிருந்தால் எல்லாப் படத்துக்கும் சேர்த்து எக்ஸ்போஷரை 0.2 ஏற்றிவிட்டு ஆர்டர் கொடுங்கள். நிறம் முடித்து ஷார்ப் பண்ணாத கோப்பை 16 பிட் டிஃப் (TIFF) ஆகத் தனியாகச் சேமித்துக்கொள்ளுங்கள்; நாளைக்கு மாமியார் வீட்டில் சுவரில் மாட்டப் பெரிய கேன்வாஸ் கேட்டால் அந்தக் கோப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும்.